சளி சிரப்பில் குழந்தை எச்சரிக்கை இல்லை: கடலூரில் யாரிடம் சொல்வது?

மஞ்சக்குப்பத்தில் வாங்கிய சளி சிரப்பில் "4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கூடாது" என்ற வரியே இல்லை, அரசு என்ன செய்யும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பாட்டிலில் மருந்தின் பெயரைப் பாருங்கள். எல்லா சிரப்புக்கும் அந்த வரி கட்டாயமில்லை. குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த கலவைக்குத்தான் 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் அதை அச்சிடச் சொன்னார்.

அந்தக் கலவைதான் என்றால், பில்லோடு மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். 1940-ம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டப்படி அவர் கடைக்குப் போய் மாதிரி எடுக்கலாம். இருக்கும் சரக்கை 20 நாள் வரை விற்காதே என்று எழுத்தில் உத்தரவிடலாம். விதிப்படி லேபிள் இல்லாத மருந்தைச் சட்டம் தனிக் குற்றமாகவே பார்க்கிறது. ஒரு மருந்தையே நாடு முழுக்கத் தடை செய்வது 26ஏ பிரிவில் மத்திய அரசுக்குள்ள அதிகாரம். 2011-ல் 12 வயதுக்குட்பட்டோருக்கு நிமசுலைடு என்ற காய்ச்சல், வலி மருந்தைத் தடுத்தது அப்படித்தான்.

நம்மூர்க்காரர்கள் பலர் பாண்டி போய் வரும்போது அங்கேயே மருந்து வாங்கிவிடுவார்கள். அந்த பில்லுக்குக் கடலூரில் புகார் கொடுத்துப் பயனில்லை. புதுச்சேரிக்குத் தனி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இருக்கிறது.

குழந்தைக்கு ஏற்கெனவே கொடுத்து ஏதாவது ஆகியிருந்தால் முதலில் டாக்டர். பக்கவிளைவைப் பதிய 1800-180-3024. பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது.