பீக்கரில் பொருந்திய கணக்கு கழிவுநீரில் ஏன் பொருந்தவில்லை?

வணக்கம் ஐயா,

எம்.டெக். படிக்கிறேன். எலக்ட்ரான் கற்றையால் சாயத்தைச் சிதைப்பதுதான் என் புராஜெக்ட். காய்ச்சி வடித்த நீரில் சாயத்தைக் கரைத்துப் பார்த்தபோது, கதிர்வீச்சு கூடக்கூடச் செறிவு அடுக்குக்குறி முறையில் குறையும் என்ற ஒற்றைச் சமன்பாடு அழகாகப் பொருந்தியது. அதே மாறிலியைச் சாயப்பட்டறைக் கழிவுநீருக்குப் போட்டால் கணக்கு எங்கேயோ போகிறது. மாறிலியை மாற்றிப் பொருத்திவிடலாமா? அப்புறம், அந்த நீரில் கதிரியக்கம் தங்குமா என்று அப்பா கேட்கிறார்.

— ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

அப்பாவுக்கு முதலில் பதில்: தங்காது. இந்த வேலைக்கு வைக்கும் 1 மெகா எலக்ட்ரான்வோல்ட் கற்றைக்கு அணுக்கருவை உடைக்கும் வலு இல்லை. அது மூலக்கூறுகளோடு நின்றுவிடும். சுவிட்சை அணைத்தால் கதிர்வீச்சும் நின்றது.

மாறிலியை மாற்றிப் பொருத்தாதீர்கள். இன்றைய கழிவுநீருக்கு வரும் எண் நாளைய கழிவுநீருக்கு உதவாது. சாயத்தை உடைப்பது கற்றை இல்லை. ஒரு லிட்டரில் 55 மோல் நீர் இருக்கிறது, சாயமோ ஒரு மில்லிமோல்கூட இல்லை. கற்றை நீரைத்தான் அடிக்கிறது, அதில் உடையும் நீரிலிருந்து பிறக்கும் துடிப்பான துண்டுகள்தான் சாயத்தைத் தாக்குகின்றன. 1 கிலோகிரே (கிலோவுக்கு 1,000 ஜூல் கதிர்வீச்சு ஆற்றல்) கொடுத்தால் லிட்டருக்குச் சுமார் 0.28 மில்லிமோல் ஹைட்ராக்சில் ரேடிக்கலும் (எதனுடனும் சட்டென்று வினைபுரியும் OH துண்டு), கிட்டத்தட்ட அதே அளவு நீரேறிய எலக்ட்ரானும் (நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த எலக்ட்ரான்) கிடைக்கும். இந்த வரவு காய்ச்சி வடித்த நீருக்கும் கழிவுநீருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது செலவு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்குச் சாயம் 0.1 மில்லிமோல், ரேடிக்கலோடு அது வினைபுரியும் வேகத்தைச் சொல்லும் வேக மாறிலி 5×10⁹ (மோல், லிட்டர், நொடி அலகில்) என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் நொடிக்கு 5 லட்சம். லிட்டருக்கு 600 மில்லிகிராம் பைகார்பனேட் இருந்தால் அது சுமார் 10 மில்லிமோல். அதன் வேக மாறிலி 8.5×10⁶ மட்டுமே, ஆனால் அளவு அதிகம் என்பதால் 85,000 வருகிறது. தொடக்கத்தில் 100 ரேடிக்கலில் 85 சாயத்துக்குப் போகும். சாயம் பத்தில் ஒன்றாகக் குறைந்ததும் அந்த 85 வெறும் 37 ஆகிவிடும். இதில் துணியிலிருந்து வரும் கஞ்சியையும் சோப்பையும் நான் சேர்க்கவே இல்லை. உடைந்த சாயத்தின் துண்டுகளும் ரேடிக்கலுக்குப் போட்டி போடும். அதனால்தான் காய்ச்சி வடித்த நீரிலேயே தொடக்கச் செறிவை மாற்றினால் உங்கள் மாறிலியும் மாறும், சோதித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் நானும் பல வாரம் திணறியிருக்கிறேன். ஒருநாள் பீக்கரில் இருந்த கழிவுநீரில் சில துளி கந்தக அமிலம் விட்டேன். உடனே நுரைத்துப் பொங்கியது. அத்தனையும் பைகார்பனேட்டிலிருந்து கிளம்பிய கார்பன் டை ஆக்சைடு. நுரை அடங்கும்வரை காற்றை ஊதிவிட்டு அதே அளவு கதிர்வீச்சு கொடுத்தேன். முன்பு கலங்கலான சிவப்பில் நின்ற நீர் வெளிறிய மஞ்சளாகிவிட்டது. ஆனால் அமிலம் விட்டால் குளோரைடையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நடுநிலை நீரில் குளோரைடு ரேடிக்கலைப் பிடித்தாலும் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடும். அமிலத்தில் அப்படி இல்லை, அது குளோரின் ரேடிக்கலாகப் போய்விடும். உப்புப் போட்டுச் சாயமேற்றும் பட்டறை நீரில் இதை விட்டுவிட முடியாது.

நீரேறிய எலக்ட்ரானுக்கும் இப்படித்தான். காற்று கரைந்த நீரில் ஆக்சிஜனும், நைட்ரேட் இருந்தால் அதுவும் சாயத்துக்கு முன்பே அதைப் பிடித்துக்கொள்ளும்.

தென்கொரியாவின் தேகு நகரச் சாயத்தொழில் வளாகத்தில் 2005இல் நிறுவிய ஆலையைப் பாருங்கள். நாளுக்கு 1 கோடி லிட்டர், 400 கிலோவாட் கற்றை. வகுத்தால், ஒரு துளி ஆற்றலும் வீணாகாவிட்டால்கூட 3.5 கிலோகிரேதான் கிடைக்கும். அவ்வளவில் கரிமப்பொருள் முழுவதையும் கார்பன் டை ஆக்சைடாக்க முடியாது. அதனால் கடினமான மூலக்கூறுகளை உடைத்து, மீதியை நுண்ணுயிர்களிடம் விட்டார்கள். 1 மெகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான் நீரில் 4 மில்லிமீட்டர்தான் ஊடுருவும் என்பதால் நீரை மெல்லிய தாரையாகப் பாய்ச்சினார்கள். உங்கள் மாடலிலும் ஆழத்துக்கு ஆழம் கதிர்வீச்சு மாறுவதைச் சேருங்கள்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சாயத்துக்கு நிறம் தரும் அசோ பிணைப்பு (இரண்டு நைட்ரஜன் அணுக்களின் இணைப்பு) உடைந்தாலே நிறம் போய்விடும், சிஓடி (கழிவை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

உங்கள் கழிவுநீரில் பைகார்பனேட், குளோரைடு, நைட்ரேட், மொத்தக் கரிமம் ஆகியவற்றை அளந்தீர்களா? கடிதத்தில் ஒன்றும் இல்லை. அந்த நான்கு எண்களையும் அனுப்புங்கள், சமன்பாடுகளைச் சேர்ந்தே எழுதுவோம்.