முந்திரி ஆகாத மனைவிக்கு வீட்டில் விருந்து: செட்ரிசின் கையில் இருந்தால் போதுமா?

மெனுவை அப்புறம் பார்க்கலாம். முதல் திருமண நாளுக்கு நீங்களே சமைத்து மனைவியை அசத்த வேண்டும், அவருக்கு முந்திரி ஆகாது, எதைச் சேர்க்கலாம் எதை விடலாம் என்று நீளமாகப் பட்டியல் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். மைதா, அஜினமோட்டோ, கத்தரிக்காய், பால், இரும்புச் சட்டி என்று எல்லாம் அதில் இருக்கிறது. எனக்குத் திக்கென்றது அந்தப் பட்டியலைப் பார்த்து இல்லை, நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்து. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பாயசம் குடித்த கால் மணி நேரத்தில் அவருக்கு உடம்பெல்லாம் தடிப்பு, இரண்டு தடவை வாந்தி, எழுந்து நின்றால் கண்ணைக் கட்டியது, செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் படுக்க வைத்தீர்கள், காலையில் சரியாகிவிட்டது. ஆகவே செட்ரிசின் வாங்கித் தயாராக வைத்திருக்கிறீர்கள்.

காலையில் எழுந்தது செட்ரிசினால் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அன்று அவருக்கு வந்தது அனாஃபிலாக்சிஸ், அலர்ஜியிலேயே உயிருக்கு ஆபத்தான வகை. அது தானாக அடங்கிப்போனது உங்கள் இருவரின் நல்ல நேரம். அடுத்த தடவையும் அப்படியே அடங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

எனவே மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். தோலில் மட்டும் தடிப்பு, அரிப்பு என்றால் பதற வேண்டாம், அவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்டிருங்கள். தோலோடு சேர்ந்து இன்னோர் இடமும் கிளம்பினால் அது அவசரம். வாந்தி, வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி, விடாத இருமல், இளைப்பு, குரல் கம்முவது, தொண்டை இறுகுகிற மாதிரி இருப்பது, தலைசுற்றல், கண் இருட்டுவது, இதில் எது சேர்ந்தாலும் சரி. சில பேருக்குத் தடிப்பே வராமல் நேராக மூச்சுத் திணறலோ மயக்கமோ வரும், அதனால் தோலையே பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

அந்த நேரத்துக்கு மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றுதான். செட்ரிசினும் அவில் மாத்திரையும் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அதுவும் மெதுவாக. இறங்குகிற ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கவோ இறுகுகிற மூச்சுக் குழாயைத் திறக்கவோ அவற்றால் முடியாது. தானாகவே குத்திக்கொள்ளும் பேனா மாதிரியான அட்ரினலின் ஊசி நம் ஊர் மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்காது. ஆம்பியூல், அதாவது மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி, கிடைக்கும். விருந்துக்கு முன்பே ஓர் அலர்ஜி மருத்துவரைப் பாருங்கள். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 1 மி.லி.க்கு 1 மி.கி. உள்ள மருந்தில் 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில், தசைக்குள். இதை வாசித்துவிட்டு நீங்களே வாங்கிக் குத்தக் கிளம்பாதீர்கள், மருத்துவர் எதிரில் கையால் செய்து பழகிய பிறகுதான். ஊசி போட்டதும் 108. ஐந்து நிமிஷத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு ஊசி தேவைப்படலாம், அதையும் மருத்துவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊசி கையில் இல்லாவிட்டால் முதல் வேலையே 108தான். அதுவரை அவரைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சு திணறினால் சாய்ந்து உட்காரட்டும், வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். கண்ணைக் கட்டுகிற ஆளை எழுப்பி நடக்கவிட்டு, பைக்கில் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டுகிறார்களே, அது மட்டும் வேண்டவே வேண்டாம். ரத்த அழுத்தம் விழுந்திருக்கும்போது சட்டென்று நிமிர்த்துவதே ஆளைச் சாய்த்துவிடும். ஊசி போட்டுத் தெளிந்த பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், அடங்கியது மறுபடி கிளம்புவதுண்டு.

கடிதத்தின் கடைசியில் 'சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு, இன்ஹேலர் எப்போதாவது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமாவோடு இந்த அலர்ஜியும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. அதையும் அதே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மற்றவை வேகமாக. மைதா, கத்தரிக்காய், அஜினமோட்டோ, பால் எல்லாம் அவர் இதுவரை சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு எதற்கு அவற்றை நிறுத்துவது? மாம்பழமும் முந்திரியும் ஒரே குடும்பம் என்று எங்கோ படித்துப் பயந்திருக்கிறீர்கள், குடும்பம் ஒன்றுதான், ஆனால் அவர் வருஷா வருஷம் சாப்பிடும் மாம்பழத்தைப் பிடுங்க வேண்டாம். இருநூறு உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று பேக்கேஜ் விற்கிறார்களே, அது பெரும்பாலும் ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளைப் பார்ப்பது, அதற்கும் அலர்ஜிக்கும் சம்பந்தமில்லை, அந்தப் பணத்தில் அவருக்கு ஒரு புடவை எடுங்கள். தேவையானது முந்திரிக்கும் மற்றக் கொட்டைகளுக்கும் அலர்ஜியைக் கிளப்பும் எதிர்ப்பொருளான ஐஜிஇயைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை அல்லது தோல் பரிசோதனை, அதுவும் மருத்துவர் சொன்னால். முந்திரியைத் துளித் துளியாகக் கொடுத்துப் பழக்கலாம் என்று யூடியூபில் ஒருவர் சொன்னாராம். அந்த மாதிரி சிகிச்சை உண்டு, அதை நிபுணர்கள் அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்கிறார்கள், உங்கள் சமையல்கட்டில் இல்லை. விருந்துக்கு முன்பே ஒரு செட்ரிசின் போட்டுவிடலாமா என்றால், கூடாது. முதலில் வரும் அரிப்பை மறைத்துவிடும், பின்னால் வருவதைத் தடுக்காது.

இனி மெனு. பிரியாணி, சிக்கன் குருமா, கடைசியில் பாதாம் பிஸ்தா குல்ஃபி, 'எதிலும் முந்திரி இல்லை டாக்டர்' என்கிறீர்கள். குல்ஃபியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். முந்திரி ஆகாதவர்களில் பெரும்பாலோருக்குப் பிஸ்தாவும் ஆகாது. பரிசோதித்துத் தெளிவாகும் வரை பாதாம் உட்பட எந்தக் கொட்டையும் வேண்டாம். கடை ஸ்வீட்டும் வேண்டாம், காஜு கத்லி வெட்டிய கத்தியில்தான் பால்கோவாவையும் வெட்டுகிறார்கள். பார்லர் ஐஸ்கிரீமில் கரண்டி எல்லா டப்பாவுக்குள்ளும் போய் வருகிறது. பாக்கெட் பொருளில் கொட்டை இருந்தால் லேபிளில் போட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 விதி இருக்கிறது, ரெடிமேட் மசாலா, சாக்லேட் எதையும் திருப்பிப் படித்துவிட்டே வாங்குங்கள். உதிரியாக விற்பதில் படிக்க எதுவும் இருக்காது. குருமாவைக் கெட்டியாக்க அவர் தினமும் சாப்பிடும் தேங்காயும் பொட்டுக்கடலையும் போதும். இனிப்புக்கு இளநீர் வழுக்கையை அரைத்துத் தேங்காய்ப்பாலில் கலந்து குளிர வைத்த பாயசம், நன்றாகவே இருக்கும்.

அரைக்கும் முன் ஒன்று. பண்ருட்டி அத்தை கொடுத்த முந்திரியை உங்கள் அம்மா வீட்டு மிக்ஸியில்தான் அரைப்பதாகச் சொல்கிறீர்கள். மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள், பழைய விழுது வெள்ளையாக அடியில் ஒட்டியிருக்கும், பிளேடுக்குக் கீழேயும் அப்படித்தான். அலர்ஜியைக் கிளப்பும் முந்திரிப் புரதம் சூடு பண்ணினால் போய்விடாது, சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்தால் போகும். கைக்கும் அதேதான், சானிடைசர் கிருமியைக் கொல்லுமே தவிர முந்திரியைத் துடைக்காது. முடிந்தால் புது ஜார் ஒன்று வாங்கிவிடுங்கள். இரும்புச் சட்டி கழுவினால் போதும். விரிசல் விட்ட மரக் கரண்டியை மட்டும் அன்றைக்கு எடுக்காதீர்கள்.

தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்விக்கு வருகிறேன், இதைத்தான் முதலிலேயே கேட்க நினைத்தீர்கள் என்று தோன்றுகிறது. ஆமாம், நீங்கள் முந்திரி சாப்பிட்டுவிட்டு முத்தம் கொடுத்தாலும் அவருக்கு அலர்ஜி வரலாம். எச்சிலில் அந்தப் புரதம் கொஞ்ச நேரம் தங்குகிறது. பல் தேய்த்தால் குறையும், முழுக்கப் போய்விட்டது என்று நம்ப முடியாது. சில மணி நேரம் இடைவெளி விட்டு, நடுவில் வேறு சாப்பாடும் சாப்பிட்டிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. எதற்கு இந்தக் கணக்கெல்லாம், அன்று காலையிலிருந்து நீங்களும் கொட்டை எதையும் தொடாதீர்கள், ஆபீஸில் யாராவது ஸ்வீட் பாக்ஸ் நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றபடி தாராளமாக நெருங்கி உட்காருங்கள், முந்திரி வறுக்கும் வாசனையால் மட்டும் இந்த அளவுக்கு ஆவது மிக அரிது.

ஒயின் வேண்டாம் என்பேன், மதுவும் சில வலி மாத்திரைகளும் அலர்ஜியை மோசமாக்கும். மெழுகுவர்த்தி ஏற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஏற்றுங்கள், வாசனை இல்லாத சாதாரண மெழுகுவர்த்தியாக. வீசிங் உள்ளவரின் மூக்குக்கு நேரே லாவெண்டர் புகை எதற்கு?