பொதுப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டங்கள் நாளாவட்டத்தில் பலன் தராமல் போய்விடுமா?

சிலது நீர்த்துப்போகும், சிலது அப்படியே நிற்கும். அந்தச் சட்டம் எதை நம்பி நிற்கிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

1967-இல் பிரிட்டனில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களைப் பிடிக்க மூச்சுப் பரிசோதனை வந்தது. 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். உடனே வார இறுதி இரவுகளில் விபத்துகள் மளமளவென்று குறைந்தன. அப்புறம், நம்மை யாரும் நிறுத்தி ஊதச் சொல்வதில்லையே என்று ஓட்டுநர்கள் மெல்லக் கண்டுகொண்டார்கள். சில வருடங்களிலேயே அந்தப் பலன் பெரும்பாலும் கரைந்துவிட்டது. மாட்டிக்கொள்வோம் என்ற பயம் போனதுதான் காரணம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1982 டிசம்பரில் இதையே வேறு மாதிரி செய்தார்கள். சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ, யாரை வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம். சோதனையை விடாமல், எல்லார் கண்ணிலும் படும்படி நடத்தியதால் பலன் தங்கியது.

பெட்ரோலில் ஈயம் கூடாது என்ற சட்டத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. அது சுத்திகரிப்பு ஆலையோடு முடிந்துவிடுகிறது. வண்டி ஓட்டுபவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே எழாது. ஈயம் கலந்த பெட்ரோலை 2021-இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு, சாலை வாகனங்களுக்கு அது உலகில் எங்கும் விற்பனைக்கு இல்லை.

தடுப்பூசியின் கதைதான் விநோதம். அங்கே வெற்றியே எதிரி. அமெரிக்காவில் தட்டம்மையை ஒழித்துவிட்டதாக 2000-இல் அறிவித்தார்கள். நோயைக் கண்ணால் பார்க்காத பெற்றோருக்கு ஊசிதான் பயமாகத் தெரிந்தது. பள்ளியில் சேர ஊசி கட்டாயம் என்ற சட்டத்திலிருந்து விலக்குக் கேட்டு வாங்கினார்கள். 2019-இல் 1,200 பேருக்கு மேல் தட்டம்மை வந்தது. கலிபோர்னியா அதற்கு முன்பே, 2015-இல், சொந்த நம்பிக்கையைச் சொல்லி விலக்குப் பெறும் வழியை அடைத்திருந்தது.

என் அனுபவத்தில் ஒன்று. முன்பு வேலை பார்த்த இடத்தில், தீ பரவாமல் தடுக்க எப்போதும் மூடியே இருக்க வேண்டிய கதவு ஒன்று உண்டு. போக வர இடைஞ்சல் என்று அதைத் திறந்தே வைத்திருப்பார்கள். முட்டுக்கொடுத்திருந்தது எதை என்கிறீர்கள்? தீயணைப்புக் கருவியை! அதன் கழுத்தில் மாதாந்திரச் சோதனை அட்டை தொங்கும். ஒருநாள் சும்மா திருப்பிப் பார்த்தேன். பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்து. நாங்கள் அப்போது செப்டம்பரில்தான் இருந்தோம்.