ஒட்டுப் போட்ட விமானம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விமானப் பராமரிப்பு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். விமானத்தின் உடலில் சேதம் இருக்கிறதா என்று பார்ப்பது பெரும்பாலும் கண்ணால்தான் என்று எழுதியிருந்தீர்கள். போன வாரம் ஏறும்போது கதவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு வைத்து ரிவெட் அடித்திருந்ததைப் பார்த்தேன். அதற்குக் கீழே ஒரு சொட்டை வேறு. பயணம் முழுக்க அதே நினைப்பு. பணிப்பெண்ணிடம் கேட்கலாம் என்று வாய்வரை வந்தது, சிரித்துவிடுவார்களோ என்று விட்டுவிட்டேன். ஒட்டுப் போட்ட விமானம் பறக்கத் தகுதியானதுதானா? இந்தக் காலத்திலும் டார்ச் லைட் அடித்துக் கண்ணால் பார்ப்பதுதானா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

கதவைச் சுற்றியுள்ள பகுதிதான் விமானத்தில் அதிகம் அடிபடும் இடம். ஏணி வண்டி இடிக்கும், சாப்பாடு ஏற்றும் வண்டி உரசும். சொட்டை விழுந்தால் அதன் நீளம், அகலம், ஆழம், உள்ளே இருக்கும் சட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையெல்லாம் அளந்து, அந்த விமானத்துக்கென்று உள்ள சேதப் படத்தில் குறித்துவைப்பார்கள். எவ்வளவு ஆழம்வரை அப்படியே விடலாம் என்று தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும். அதற்குள் அடங்கினால் சொட்டையோடு பறக்கலாம். தாண்டினால் அடிபட்ட தகட்டை வெட்டியெடுப்பார்கள். கூரான மூலையில் விரிசல் சுலபமாகத் தொடங்கும் என்பதால் வெட்டிய மூலைகளை வளைவாக்கி, மேலே டப்ளர் என்கிற ஒட்டுத் தகடு வைத்து ரிவெட் அடிப்பார்கள். நீங்கள் பார்த்தது அநேகமாக அப்படி ஒருவர் அளந்து, சரிசெய்து, கையெழுத்துப் போட்ட இடம்தான்.

ஒட்டு ஒழுங்காகப் போடப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 1980 பிப்ரவரியில் ஹாங்காங்கில் இறங்கும்போது சைனா ஏர்லைன்ஸின் போயிங் 747 ஒன்றின் வால்பகுதி ஓடுபாதையில் உரசியது. கீறல் விழுந்த தகட்டை முழுதாக வெட்டியெடுக்காமல் அதன் மேலேயே டப்ளரை வைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ரிப்பேர் ஆன இடம். அடியிலோ அந்தக் கீறல்களிலிருந்து விரிசல் வளர்ந்துகொண்டிருந்தது. டப்ளர் மறைத்திருந்ததால் வெளியே நின்று பார்த்த எந்தக் கண்ணுக்கும் அது படவில்லை. 22 வருஷம் கழித்து, 2002 மே 25 அன்று, தைவான் அருகே நடுவானில் அந்த விமானம் உடைந்தது. 225 பேர் இறந்தார்கள். அதனால்தான் பழைய ஒட்டு ஒன்றைப் பார்த்தால் அதன் காகிதங்களை எடுத்து, யார், எப்போது, எந்த முறைப்படி போட்டார்கள் என்று படிக்காமல் எனக்கு மனசு ஆறாது.

சரி, டார்ச் விஷயத்துக்கு வருகிறேன். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. தகட்டோடு தகடாகச் சாய்த்து அடிக்க வேண்டும். அப்போது சின்ன மேடு பள்ளம்கூட நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு ராத்திரி, இறக்கையின் அடியில் அழுக்காக இருக்கிறதே என்று துணியை எடுத்தேன். மூத்த இன்ஸ்பெக்டர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, துடைக்கறதுக்கு முன்னாடி பாரு. அழுக்குதான் நமக்குச் சாட்சி." அவர் டார்ச்சைச் சாய்த்துக் காட்டிய இடத்தில் மூன்று ரிவெட்டுகளின் தலையிலிருந்து மட்டும், காற்று ஓடும் திசையில், மை இழுவியதுபோலக் கறுப்புக் கோடு. ரிவெட் தளர்ந்து ஆடும்போது அலுமினியம் உரசிப் பொடியாகி அப்படிக் கசியும். சுற்றியிருந்த நூற்றுக்கணக்கான ரிவெட்டுகளில் அந்த மூன்றுக்கு மட்டும்தான் கோடு. கருவி வைத்துப் பார்த்தபோது ஒன்றின் துளை ஓரத்தில் விரிசல் தொடங்கியிருந்தது. நான் துடைத்திருந்தால் அன்று அது யாருக்கும் தெரிந்திருக்காது.

கருவிகள் இல்லாமல் இல்லை. உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாக்கி விரிசலைத் தேடும் எடி கரண்ட், ஒலியலையால் தேடும் அல்ட்ராசோனிக், எக்ஸ்ரே, விரிசலுக்குள் ஊறி நிறம் காட்டும் சாயம் என்று எல்லாம் உண்டு. எந்தெந்த இடத்தில் எத்தனை பறப்புக்கு ஒருமுறை கருவி வைக்க வேண்டும் என்று அட்டவணையும் உண்டு. அட்டவணையில் இல்லாத இடத்தில் சந்தேகப்படுவது கண்ணின் வேலை. கார்பன் இழையால் ஆன புது விமானங்களில் கண்ணுக்கும் சோதனைதான். மேலே அடையாளமே தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அங்கே சின்னச் சுத்தியலாலோ நாணயத்தாலோ தட்டிக் கேட்பார்கள். நல்ல இடம் கணீரென்று பேசும், பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும்.

நீங்கள் கேட்காமல் விட்டதைப் படித்ததும் எனக்கு அலோஹா ஏர்லைன்ஸ் ஞாபகம் வந்தது. 1988 ஏப்ரல் 28, ஹவாய். ஹீலோவிலிருந்து ஹொனலுலு போன 19 வயது போயிங் 737. தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணம், 89,680 பறப்பு. விமானம் மேலே போகும்போது உள்ளே காற்றழுத்தம் ஏற, உடல் லேசாக உப்பும், இறங்கினால் சுருங்கும். அத்தனை முறையும் உப்பிச் சுருங்கியிருக்கிறது, அதுவும் கடலின் உப்புக் காற்றில். தகடும் தகடும் சேரும் இடத்தில் பசை விட்டுப்போய், பாரமெல்லாம் ரிவெட்டுகள் மேல் விழுந்து, துளைக்குத் துளை பொடி விரிசல்கள். 24,000 அடி உயரத்தில் அவை ஒன்றோடொன்று சேர்ந்தன. சுமார் 18 அடி நீளத்துக்குக் கூரை பிய்ந்து போனது. ஒரு பணிப்பெண் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். மற்றவர்களோடு விமானம் மவுயி தீவில் இறங்கியது.

பராமரிப்பில் அந்தச் சேதத்தைக் கண்டுபிடிக்கத் தவறியதை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. எங்கள் தொழிலின் கண் அங்கே தோற்றது. ஆனால் ஒரு கண் பார்த்திருந்தது. ஹீலோவில் ஏறும்போது ஒரு பயணி கதவருகே விரிசலைக் கவனித்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

அதனால் அடுத்த தடவை தயவுசெய்து கேளுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். பணிப்பெண் விமானியிடம் சொல்வார், தேவைப்பட்டால் கீழே நிற்கும் என்ஜினியர் வந்து பார்ப்பார், சேதப் படத்தில் அது ஏற்கெனவே இருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். சொல்லும்போது எந்தக் கதவு, கதவுக்கு முன்னாலா பின்னாலா, எவ்வளவு உயரத்தில், இவற்றை மட்டும் சரியாகச் சொல்லிவிடுங்கள். தேடுகிறவருக்கு அது போதும்.