சாத்திய கதவு

அண்ணா, வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் வரை பள்ளியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்வாள், இப்போது வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். கேட்டால் "ஒண்ணுமில்லம்மா". போன வாரம் அவள் அப்பாவிடம் "உங்களுக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சுக்காதீங்கப்பா" என்றாள், அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் தூங்கியபின் போனை எடுத்துப் பார்க்கிறேன். தப்பா?

- ஒரு அம்மா, கரூர்

அன்புள்ள சகோதரிக்கு,

தப்புதான். ஆனால் முதலில் உங்கள் கணவரின் விஷயம்.

எனக்குப் பதினைந்து வயதில், கடன் கேட்டு ஒருவர் வீட்டு வாசலில் அப்பா கைகட்டி நின்றதைப் பார்த்துவிட்டேன். அவரால் முடியாதது எதுவுமே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான், அந்தக் கோபம் அடங்க ஒரு வருடம் ஆயிற்று, அப்புறம்தான் அவர் மேல் நிஜமான பிரியமே வந்தது. 1986இல் ஸ்டைன்பெர்க், சில்வர்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் பிள்ளைகளின் உணர்வுச் சுதந்திரத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். பெற்றோரும் தவறு செய்வார்கள் என்று பிள்ளைக்குப் புரிவது அதில் ஓர் அடையாளம். உங்கள் மகள் சொன்னதும் அதைத்தான், கொஞ்சம் துடுக்காக.

மூன்றே வருடத்தில் ரையான், லிஞ்ச் என்ற வேறு இரு ஆய்வாளர்கள் இதை மறுத்தார்கள்: இந்தக் கேள்வித்தாள் அளப்பது சுதந்திரத்தை அல்ல, விலகலை. அதில் அதிக மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் பெற்றோரிடம் பாதுகாப்பை உணர்வது குறைவாக இருந்தது. எனக்கு இரண்டுமே சரி என்றுதான் படுகிறது. கதவைச் சாத்துவதை விடுங்கள். காய்ச்சல் வந்தால், மார்க் குறைந்தால், பஸ்ஸில் எவனாவது வம்பு பண்ணினால் யாரிடம் போகிறாள்? உங்களிடம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

இனி போன். ஸ்வீடனில் பதினாலு வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்கள் பெற்றோரையும் வைத்து ஸ்டாட்டினும் கெர்ரும் செய்த ஆய்வு 2000இல் வந்தது. பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பிள்ளைகள் தாங்களாகவே வந்து சொன்னது, துருவிக் கேட்டோ கட்டுப்படுத்தியோ கிடைத்தது குறைவு. நீங்கள் போனை நோண்டுவது தெரிந்த அன்றைக்கு அந்த ஊற்றும் வற்றிவிடும், "ஒண்ணுமில்லம்மா" கூட வராது.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டீர்களே. இரண்டு நாள் கழித்து முதலில் பேசியது யார், அவரா, அவளா?