தார காந்தாரத்தில் குரல் உடைகிறதே?

கேள்வி: எனக்கு 24 வயது. ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிறேன் (ஆதார 'ஸ' எவ்வளவு உயரத்தில் என்பதற்கான அளவுதான் கட்டை). தார ஸட்ஜம், அதாவது மேல் 'ஸ' வரை குரல் கணீரென்று வருகிறது. அதற்கும் மேலே காந்தாரம் (க), மத்யமம் (ம) தொட்டால் உடைந்து, மெலிந்த பொய்க்குரலாக, கள்ளக்குரலாகிவிடுகிறது. அழுத்தினால் தொண்டை எரிகிறது. 'பெல்டிங்' என்று சிலர் மேலேயும் முழுக்குரலில் நிற்கிறார்களே, எனக்கு வருமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வரும், தம்பி. முதலில் சுருதிப் பெட்டியை இரண்டு கட்டைக்கு ஏற்றி அதே வரிசையைப் பாடிப் பாருங்கள். இப்போது காந்தாரத்துக்கு முந்தைய ரிஷபத்திலேயே (ரி) தடுமாறும். ஸ்வரம்தான் மாறியது, உடையும் இடம் மாறவில்லை. உங்களைப் போன்ற மெல்லிய ஆண்குரல்களுக்கு நொடிக்கு ஏறத்தாழ 330 முதல் 370 அதிர்வுக்குள் குரல் மாறும் இந்த வாசல் இருக்கும். கனத்த குரலுக்கு இன்னும் கீழே. ஐந்து கட்டைக்குப் பேர்போன அந்தக்கால நாடகப் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பாவை நினைத்துப் பாருங்கள். அந்தச் சுருதியில் தார ஸட்ஜத்தைத் தொடுவதற்குள்ளேயே இந்த வாசலைத் தாண்டியாக வேண்டும்!

கீழே பாடும்போது குரல்நாண்கள் தடித்து, நன்றாக ஒட்டிப் பிரிகின்றன. மேலே போகப் போக அவை நீண்டு மெலிய வேண்டும். நீங்கள் கீழிருக்கும் கனத்தை அப்படியே சுமந்துகொண்டு ஏறுகிறீர்கள். தாங்காத இடத்தில் பிடி விட்டுப்போய் விளிம்பு மட்டும் அதிர்கிறது, காற்று கசிகிறது. பெல்டிங்கில் நாண்கள் சேர்ந்தேதான் இருக்கும். கனம் மட்டும் குறையும். காற்றை அதிகம் தள்ளவே கூடாது.

இது தெரியாமல் 22 வயதில் திருவிழா மேடைகளில் மூச்சு முட்டத் தள்ளினேன். ஒரு பங்குனியில் தொடர்ந்து ஆறு இரவு கச்சேரி. ஏழாம் நாள் காலை அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தமே இல்லை. மூன்று வாரம் சிலேட்டில் எழுதித்தான் பேசினேன். உங்களுக்கு அந்த நிலை வரவே கூடாது.

வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவரை 'ஏய்' என்று கூப்பிடுவோமே, அந்தக் குரல்தான் விதை. கழுத்து நரம்பு புடைக்காமல் அப்படிக் கூப்பிட்டு, அதையே காந்தாரத்தில் நிறுத்துங்கள். வாய் நன்றாகத் திறக்கட்டும். 'ஆ' என்று பாடும் அகாரத்தில் கொஞ்சம் 'ஏ' கலக்கட்டும். தினம் பத்து நிமிடம் போதும். எரிச்சல் வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கள்ளக்குரலை வாத்தியார் திட்டினாலும் நீங்கள் வெறுக்க வேண்டாம். அதில் தார பஞ்சமத்தை (மேல் 'ப') மெதுவாகப் பிடித்து, உடையாமல் ஸட்ஜத்துக்கு வழுக்கி இறங்கிப் பழகுங்கள். ஏறும்போது கிடைக்காத வழி பெரும்பாலும் இறங்கும்போதுதான் பிடிபடும்.