பார்டரில் நிற்கும் சர்க்கரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வெறும் வயிற்றில் 108, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 6. வயது 41, எடை 76 கிலோ. "பார்டர்தான், பயப்பட வேண்டாம்" என்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா? (தக்கலை வாசகர்)

விடக் கூடாது. வெறும் வயிற்றில் 100 முதல் 125, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 என்றால் அது முன்நீரிழிவு, அதாவது நீரிழிவுக்கு முந்தைய படி. பயம் வேண்டாம் என்பது சரி, சும்மா இருக்கலாம் என்பது தவறு. 2006-இல் வெளிவந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு கால் பங்குக்கு மேல் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் கிடைத்த பலன் ஏறக்குறைய அவ்வளவுதான். நீங்கள் ஐந்து கிலோ குறையுங்கள். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடங்கள். இடுப்பை அளந்து பாருங்கள், நம் ஆண்களுக்கு 90 செ.மீ.தான் வரம்பு. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவை நீங்கள் எழுதவே இல்லை. வெறும் வயிற்றில் நல்ல பிள்ளையாக இருந்து அங்கே மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

எனக்குச் சுகர் கொஞ்சம் கூடுதல். என்னென்ன சாப்பிடலாம்? (நாகர்கோவில்)

'கொஞ்சம்' என்றால் எவ்வளவு? வயது, எடை, ரத்த அளவு எதுவும் இல்லாத கடிதத்துக்கு என்னால் பதில் எழுத முடியாது. அளவுகளோடு மறுபடி எழுதுங்கள். இரண்டு மணி நேர அளவையும் சேர்த்து.

நான் ரப்பர் பால் வெட்டுகிறேன். விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவேன். நானும் தனியாக நடக்க வேண்டுமா? (குலசேகரம்)

வேலை நாளில் தேவையில்லை. உங்கள் உழைப்பு நிச்சயமாகக் கணக்கில் சேரும். உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்தியது வேறு: வெட்டுக்கு முன்னும் பின்னும் சீனி போட்ட கட்டன்சாயா (பால் இல்லாத தேநீர்), பிறகு புட்டும் பழமும், உடனே படுக்கை. சாயாவில் சீனியை நிறுத்துங்கள். புட்டுக்குப் பழத்துக்குப் பதில் பயறோ கடலையோ போதும். சாப்பிட்டதும் படுக்காமல் பத்து, பதினைந்து நிமிடம் நடமாடுங்கள். மழைக்காலத்தில் வெட்டு நிற்கும்போது உடம்பும் நின்றுபோகும், அந்த மாதங்களில் நடை கட்டாயம்.

மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) சாப்பிடலாமா? (அருமனை)

சாப்பிடலாம், சோற்றுக்குப் பதிலாக. சோற்றோடு சேர்த்து அல்ல. தட்டில் கிழங்கு கால் பங்கு, மீன் கால் பங்கு, மீதி அரைத்தட்டு கீரையோ துவரனோ (காய்ப் பொரியல்). சாளையும் நெத்திலியும் கிடைக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு மீனைத் தொட்டுக்கொள்ள மட்டும் வைப்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

சிவப்புச் சம்பா அரிசிக்கு மாறிவிட்டேன். இனி அளவு பார்க்க வேண்டாம்தானே?

வேண்டும்.

சீனியை அடியோடு விட்டுவிட்டேன். இப்போது கருப்பட்டிக் காப்பி மட்டும்தான், நாளுக்கு நான்கு முறை. ஆறு மாதம் ஆகியும் எச்பிஏ1சி 6.2-ஐ விட்டு இறங்கவில்லை. ஏன்? (கருங்கல் வாசகி)

நீங்கள் சீனியை விடவில்லை அம்மா, வேறு கடையில் வாங்குகிறீர்கள். இந்தக் கேள்வி எத்தனை கடிதங்களில், எத்தனை வடிவங்களில் வந்துவிட்டது! அக்கானியை, அதாவது பதநீரைக் காய்ச்சி இறுக்கினால் கிடைப்பது கருப்பட்டி. அக்கானியில் இருந்த சர்க்கரை எங்கே போகும்? கருப்பட்டியின் எடையில் முக்கால் பங்கும் அதற்கு மேலும் சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கிற அதே சர்க்கரை. ஒரு சில்லை உடைத்து, ஒரு துண்டைக் கடித்துக்கொண்டே கட்டங்காப்பி குடிப்பது நம் பக்கத்துப் பழக்கம். அந்தத் துண்டு பத்து கிராம் இருந்தால், அதில் ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி சீனி இருக்கிறது. நான்கு முறை என்றால் எட்டுத் தேக்கரண்டி. உங்கள் ரத்தத்துக்கு அது பனையில் வந்ததா கரும்பில் வந்ததா என்பது தெரியாது.

"இரும்புச்சத்து இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் பத்து கிராமில் கிடைப்பது சொற்பம், ஒரு பிடி முருங்கைக்கீரை அதைவிட மேல். கடையில் விற்பதில் சீனிப்பாகு கலந்ததும் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். தேனுக்கும் இதே பதில்தான், மார்த்தாண்டம் தேனே ஆனாலும்.

பனையேறுபவர்களின் பிழைப்பில் மண் போடுகிறேன் என்று சென்ற முறை ஒருவர் கோபித்திருந்தார். அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. கார்த்திகைக்குக் கருப்பட்டி போட்டு ஓலைக்கொழுக்கட்டை செய்தால் ஒன்று சாப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கருப்பட்டியை மருந்து என்று சொல்லி, முன்நீரிழிவு உள்ளவர்கள் கையில் கொடுப்பவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. சர்க்கரை பழைய நிலைக்குத் திரும்ப வாய்ப்புள்ள மாதங்களை அவர்கள் வீணாக்குகிறார்கள். நீங்கள் இன்றே காப்பியை இனிப்பில்லாமல் குடிக்கத் தொடங்குங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும். மூன்று மாதம் கழித்து மறுபடி எச்பிஏ1சி பாருங்கள், இரண்டு மணி நேர அளவோடு.

எச்பிஏ1சி 6.1, ஹீமோகுளோபின் 8.5. மூன்று வருடம் முன்பு கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது, பிரசவத்துக்குப் பின் பார்க்கவில்லை. (இரணியல் வாசகி)

ஹீமோகுளோபின் 8.5 என்றால் சோகை. அது இரும்புச்சத்துக் குறைவால் வந்ததாக இருந்தால், எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அதனால் அந்த ஓர் எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆனால் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு. பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துப் பார்த்திருக்க வேண்டும், யாரும் சொல்லாதது வருத்தம். இந்த வாரமே பாருங்கள். சோகைக்கும் உடனே சிகிச்சை எடுங்கள்.

வளைகுடாவிலிருந்து வந்த மைத்துனர் தன் சுகர் மாத்திரையில் ஒரு பட்டை தந்தார். போடலாமா?

கூடாது. முன்நீரிழிவில் சிலருக்கு மெட்ஃபார்மின் கொடுப்பது உண்டு, அது சிறுநீரக நிலையையும் பார்த்து மருத்துவர் எடுக்கும் முடிவு. வேறு சில மாத்திரைகள் உங்களை மயக்கத்தில் தள்ளிவிடும். பட்டையைத் திருப்பிக் கொடுங்கள்.

மட்டிப்பழமாவது சாப்பிடலாமா?

ஒன்று. சாப்பாட்டோடு வேண்டாம், இரண்டு வேளைகளுக்கு நடுவில்.